அறைக்குள் பாடிய பாட்டு: வீட்டுப் பதிவுகளை மதிப்பிடுவது குறித்து

இசை பற்றித் தமிழில் எழுதப்படும் விமர்சனங்களில் ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. வரிகளைப் பற்றி ஒரு பத்தி, மெட்டைப் பற்றி ஒரு பத்தி, கடைசியில் "ஒலிப்பதிவு துல்லியம்" என்றோ "ஒலிப்பதிவில் இன்னும் கவனம் செலுத்தியிருக்கலாம்" என்றோ ஒரே ஒரு வாக்கியம். ஒலிப்பதிவு என்பது பாட்டுக்குப் போர்த்துகிற பொன்னாடை, ஜரிகை கூடினால் நல்லது, குறைந்தாலும் பரவாயில்லை என்கிற நினைப்பு இதற்குள் இருக்கிறது. நான் இதை ஏற்கவில்லை. எந்த அறையில், எந்தக் கருவியை வைத்துக்கொண்டு, யார் காதில் விழவேண்டும் என்று பாடப்பட்டது என்பதெல்லாம் பாட்டுக்கு வெளியே இருக்கும் சமாச்சாரங்கள் அல்ல. வீட்டிலேயே பதிவான பாடல்களைப் பொறுத்தவரை பாதிப் பாட்டே அதுதான்.

இந்த மலரில் இதை எழுதக் காரணம் உண்டு. நம் சங்கக் குடும்பங்களில் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ வீட்டிலேயே பதிவு செய்து, வாட்ஸ்அப்பில் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். எனக்கும் சில வந்து சேரும். அவற்றுக்குப் பெரியவர்கள் அனுப்பும் பதில் ஏறத்தாழ ஒரே மாதிரி: "ரொம்ப நல்லா இருக்குப்பா. இதையே ஒரு நல்ல ஸ்டூடியோல போட்டா எங்கேயோ போயிடும்." பாராட்டுத்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. நீ அனுப்பியது பாட்டின் கச்சா நகல், அசல் இனிமேல்தான் வரவேண்டும் என்கிற தீர்ப்பு. அது எப்போது சரி, எப்போது தவறு என்று பார்ப்பது விமர்சகனின் வேலை. அதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று, அமெரிக்காவில் 1982-இல் வெளிவந்த 'நெப்ராஸ்கா' என்னும் பாடல் தொகுப்பு.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அப்போது ஏற்கெனவே பெரிய நட்சத்திரம். 1980-இல் வந்த அவருடைய 'தி ரிவர்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. எந்த ஸ்டூடியோவையும் மாதக்கணக்கில் வாடகைக்கு எடுக்க அவருக்கு வசதி இருந்தது. அப்படி மாதக்கணக்கில் உட்கார்ந்து பணமும் பொழுதும் கரைவதுதான் அவருக்கு அலுத்துவிட்டது. பாட்டு தேறுமா தேறாதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்று நினைத்தார். நியூஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு, அவருடைய கிட்டார்களைப் பராமரித்துவந்த மைக் பாட்லன் ஒரு சிறு கருவியை வாங்கிவந்தார். டியாக் நிறுவனத்தின் டாஸ்காம் 144 போர்ட்டாஸ்டூடியோ.

நம் வீடுகளில் இருந்த அதே கேசட்டுதான் அதற்கும். சாதாரண டேப் ரிக்கார்டரில் ஒரு பக்கத்துக்கு இடது, வலது என இரண்டு தடங்கள். திருப்பிப் போட்டால் மறுபக்கத்துக்கு இரண்டு. போர்ட்டாஸ்டூடியோ அந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்திக்கொள்ளும். நாடாவும் வழக்கம்போல் நொடிக்கு 4.75 சென்டிமீட்டர் ஓடாமல் இரட்டை வேகத்தில் ஓடும். ஆகவே 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் பதிவாகும். நாடாவின் அகலமோ 4 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதை நாலு பங்கு போட்டால் தடத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? இரைச்சல் வராமல் என்ன செய்யும்!

மேடைகளில் சாதாரணமாகக் காணக்கூடிய ஷ்யூர் எஸ்.எம். 57 மைக் இரண்டு. பாட்டுக்கும் கிட்டாருக்கும் இரண்டு தடம் போயின. மிச்சம் இரண்டில் ஹார்மோனிகா, இன்னொரு குரல், சில பாட்டில் மாண்டலின், ஒன்றில் கிளாக்கன்ஸ்பீல் என்னும் சிறு மணிக்கட்டைகள். அவ்வளவுதான், ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்றால் இடமில்லை. பிறகு நான்கையும் கலந்து, எதிரொலி கூட்டும் எக்கோபிளெக்ஸ் என்ற பெட்டி வழியாக, ஒருமுறை தண்ணீரில் விழுந்து எழுந்த ஒரு பழைய பானாசோனிக் டேப் ரிக்கார்டரில் இறக்கினார்கள். பாடல்களில் பெரும்பாலானவை 1982 ஜனவரித் தொடக்கத்தில் பதிவானவை. அந்தக் கேசட்டை, உறைகூட இல்லாமல், பையில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்தாராம் மனிதர்.

வெண்பாவின் ஈற்றடியில் மூன்று சீர்தான் வரும். நாலாவது சீருக்கு இடமில்லையே என்று எந்தப் புலவரும் அழுததில்லை. அந்த இடத்துக்குள் முடிகிற மாதிரிதான் முதலடியிலிருந்தே சொல்லை எண்ணிக்கொண்டு வருவார். 'நெப்ராஸ்கா'வில் நடந்திருப்பது இதுதான் என்பது என் துணிபு. பத்துப் பாடல்களில் பெரும்பாலானவற்றில் பேசுகிறவர்கள் தனித்துவிடப்பட்ட மனிதர்கள். தலைப்புப் பாடல், 1958-இல் பிடிபட்ட சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற கொலைகாரனின் வாய்மொழியாக வருகிறது. 'ஜானி 99'-இல் கார்த் தொழிற்சாலை மூடப்பட்டு வேலை போன ஒருவன் குடித்துவிட்டு ஒருவரைச் சுட்டுவிடுகிறான். 'ஹைவே பேட்ரோல்மேன்' ஒரு போலீஸ்காரரின் கதை. தவறு செய்துவிட்டு ஓடும் தம்பியின் காரைத் துரத்திப் போகிறார், கனடா எல்லைக்குச் சில மைல் முன்னால் வண்டியை ஓரங்கட்டி அவனைப் போகவிடுகிறார். சட்டமா ரத்தபாசமா என்கிற, நம் மேடை நாடகங்களில் உச்சஸ்தாயியில் முழங்கப்படும் சங்கதி. இங்கே அது முணுமுணுப்பாக வருகிறது. அந்த மனிதர் யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவே. இதை முழங்கச் செய்திருந்தால் கதை பொய்யாகிப்போயிருக்கும்.

'ஸ்டேட் ட்ரூப்பர்' இன்னும் ஒரு படி மேலே. ராத்திரி நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போகிறவன், என்னை நிறுத்தாதே என்று ஒரு போலீஸ்காரரிடம் மன்றாடுகிறான். அந்தப் போலீஸ்காரர் காரில் இல்லை. பேச்சு அவர் காதில் விழவே விழாது. கிட்டாரில் ஏறக்குறைய ஒரே அடி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. முடியப்போகும் நேரத்தில் திடீரென்று ஓர் அலறல். முதல் தடவை ஹெட்ஃபோனில் கேட்டபோது நான் உண்மையிலேயே திடுக்கிட்டுப்போனேன். அறைக்குள் தனியாக இருக்கிறவன் அலறினால்தான் அப்படி இருக்கும். இசைக்குழு பின்னால் நின்றால் அது பாட்டின் உச்சம் என்று ஆகி, கேட்கிறவர் கைதட்டத் தயாராகிவிடுவார்.

அந்தக் கேசட்டில் இருந்த பாடல்களை 1982 வசந்தத்தில் தம் இசைக்குழுவை வைத்து நியூயார்க் ஸ்டூடியோவில் ஸ்பிரிங்ஸ்டீன் பதிவு செய்து பார்த்தார். பலவற்றில் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில் அந்தக் கேசட்டையே வெளியிடுவது என்று முடிவாயிற்று. சொல்வது சுலபம். கேசட்டில் ஒலி அளவு குறைவு, இரைச்சல் அதிகம்; அதிலிருந்து இசைத்தட்டு வெட்டுவதற்குள் பொறியாளர்கள் திண்டாடிப்போனார்கள், பல இடங்களில் முயன்று பார்த்துத்தான் தட்டு தேறியது. வீட்டுப் பதிவு என்றால் உழைப்பில்லாத பதிவு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். 1982 செப்டம்பர் 30-இல் வெளியானது. கச்சேரிச் சுற்றுப்பயணம் எதுவும் இல்லாமலே விற்பனைப் பட்டியலில் மூன்றாமிடம் வரை போனது.

நிராகரிக்கப்பட்ட அந்த இசைக்குழுப் பதிவுகள் பல ஆண்டுகளாக வெறும் வதந்தியாகவே இருந்தன. 2025 அக்டோபரில் அவையும் வெளிவந்துவிட்டன. அதே மாதம் இந்தத் தொகுப்பு உருவான கதை திரைப்படமாகவும் வந்தது. இனி நாமே ஒப்பிட்டுக் கேட்டுத் தீர்மானிக்கலாம். 'அட்லாண்டிக் சிட்டி'யை எடுத்துக்கொள்வோம். கடனில் மூழ்கிய ஒருவன், சூதாட்ட விடுதிகள் நிறைந்த கடற்கரை நகரத்துக்குத் தன் பெண்ணை அழைக்கிறான்; அங்கே யாருக்கோ ஒரு 'காரியம்' செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறான். இசைக்குழுவோடு கேட்கும்போது பாட்டு கம்பீரமாக இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அந்த ஆள் பிழைத்துவிடுவான் என்று தோன்றுகிறது. டிரம்ஸ் அடிக்கிறவர் துணைக்கு இருக்கிறாரே! வீட்டுப் பதிவில் அவனுக்கு யாருமில்லை.

இதைவிட அழுத்தமான உதாரணம், அதே வீட்டில் அதே கருவியில் பதிவான 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலையும் கிடைக்காமல் அலையும் ஒருவனின் பாட்டு. வீட்டுப் பதிவு 'நெப்ராஸ்கா'வில் இடம்பெறவில்லை. 1998-இல்தான் வேறொரு தொகுப்பில் வெளிவந்தது. அதில் பல்லவி, அடிபட்டவன் தன் முகவரியைச் சொல்வது மாதிரி இருக்கிறது. இசைக்குழுவோடு பதிவாகி 1984-இல் வந்த வடிவமோ உலகப் புகழ் பெற்றது. அதைக் கேட்ட ஏராளமானவர்கள் தேசபக்திப் பாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் காதில் கோளாறு என்று நான் சொல்லமாட்டேன். சொற்கள் புலம்பின, ஒலி வெற்றி முரசு கொட்டியது. ஜனங்கள் முரசைக் கேட்டார்கள். அறை மாறினால் பொருள் மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அதற்காக 'நெப்ராஸ்கா' முழுதும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. 'ஓபன் ஆல் நைட்' டிரம்ஸுக்காக ஏங்குகிற பாட்டு. தனியாக எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்துக்கொண்டு அதை ஓட்டியிருப்பது, மிருதங்கம் வராத நாளில் தில்லானா பாடின மாதிரி இருக்கிறது. 'ஜானி 99' தொடக்கத்தில் வரும் எதிரொலி கலந்த கூவல், 1950-களின் அமெரிக்க ராக் பதிவுகளை வேண்டுமென்றே நினைவுபடுத்தும் அலங்காரம். அறையின் இயல்பு அல்ல அது, அறைக்குப் பூசிய சாயம். நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: பாட்டுக்குத் தான் எத்தனை பெரிய அறையில் இருக்கிறோம் என்று தெரிந்திருக்கிறதா? தெரிந்திருந்தால் இரைச்சல் ஒரு பொருட்டல்ல. தெரியாவிட்டால் எத்தனை சுத்தமாகப் பதிவு செய்தும் பயனில்லை.

ஸ்பிரிங்ஸ்டீனுக்கு வசதி இருந்தது, வேண்டாமென்று வைத்தார். வசதியே இல்லாதவர் கதை வேறு. டேனியல் ஜான்ஸ்டன் (1961-2019) மேற்கு விர்ஜீனியாவில் பெற்றோர் வீட்டின் அடித்தளத்தில், மலிவான ஒரு சான்யோ டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு 1980-களின் தொடக்கத்தில் தம் பாடல்களைப் பதிவு செய்தார். நாலு தடமெல்லாம் கிடையாது. ஒரு பெட்டி, அதிலேயே மைக். பாட்டுகளுக்கு நடுவே அவருடைய அம்மா திட்டுவதும் பதிவாகியிருக்கிறது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு நகல் எடுக்க இரண்டு பெட்டி வேண்டுமல்லவா? அவரிடம் ஒன்றுதான். அதனால் ஒருவருக்குக் கேசட் கொடுக்கவேண்டுமென்றால் மொத்தப் பாட்டையும் முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்து கொடுத்தார்! பிற்பாடு டெக்ஸாஸில் ஆஸ்டின் நகரத்தில் மெக்டொனால்ட்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, தாமே படம் வரைந்த உறையோடு கேசட்டுகளை எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். 1983-இன் 'ஹாய், ஹௌ ஆர் யூ' அப்படிப் பரவியது. 1992-இல் கர்ட் கோபேன் அந்த உறைப்படம் போட்ட சட்டையை அணிந்துகொண்டு தொலைக்காட்சியில் தோன்றியபின் உலகம் திரும்பிப் பார்த்தது.

நகல் எடுக்க வழியில்லாமல் ஆளுக்கொரு தடவை பாடிக்கொடுத்த அந்தச் செயலை நினைத்துப் பாருங்கள். பதிவு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்கே அது எதிரானது. ஒரு கேசட் ஒருவருக்கு என்றால் அது கடிதம். ஜான்ஸ்டனுடைய நல்ல பாட்டுகளில் இந்தக் கடிதத் தன்மை இருக்கிறது; குரல் தடுமாறும், தாளம் ஓடும், பொம்மைக்கடை ஆர்கன் மாதிரியான ஒரு வாத்தியத்தின் கட்டைகள் தடதடவென்று விழும் சத்தம்கூடக் கேட்கும். 1994-இல் பெரிய நிறுவனம் ஒன்று அவரை முறையான ஸ்டூடியோவில் வைத்து 'ஃபன்' என்ற தொகுப்பை வெளியிட்டது. விற்கவில்லை. விற்காததை வைத்து நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அதில் அருமையான பாட்டுகள் உண்டு. ஆனால் முகவரி எழுதாத கடிதம் மாதிரி இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜான்ஸ்டன் நெடுங்காலம் கடுமையான மனநோயால் அவதிப்பட்டவர். நோயையும் மோசமான ஒலியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, 'பாருங்கள், இதுதான் உண்மையான கலை' என்று கொண்டாடும் ஒரு கூட்டம் மேலைநாட்டு விமர்சனத்தில் உண்டு. இது சால்வை பார்க்கிற விமர்சனத்தின் மறுபக்கம். அவர்கள் ஜரிகையை எண்ணினார்கள், இவர்கள் கிழிசலை எண்ணுகிறார்கள். இன்றைக்கு நாடா இரைச்சலையும் பழைய இசைத்தட்டுக் கீறல் சத்தத்தையும் கணினியில் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். 'லோ-ஃபை' என்று அதற்குப் பேர் வேறு. வறுமைக்கு ஒப்பனை!

பில்லி ஐலிஷ் என்ற பெண்ணும் அவருடைய அண்ணன் ஃபினியஸும் இந்தப் பொறியில் விழவில்லை என்பது என் கருத்து. லாஸ் ஏஞ்சலிஸில் அண்ணனின் சிறு படுக்கையறையில் பதிவான 'ஓஷன் ஐஸ்' 2015-இல் இணையத்தில் ஏற்றப்பட்டது. அதே அறையில் உருவான தொகுப்புக்கு 2020 ஜனவரியில் கிராமி விருதுகள் குவிந்தன. கேட்டால் இரைச்சல் துளிகூட இல்லை. ஆனால் குரல் காதருகே கிசுகிசுக்கிறது. சிறிய அறையில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற குரலின் அளவு அது. வீட்டுப் பதிவின் அடையாளம் இரைச்சலில் இல்லை, இந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். இசைத்தட்டுக் காலத்தில் ஒரே ஒரு பெரிய நிறுவனமும் சினிமாப் பாட்டும்தான் ஆட்சி செய்தன. 1980-களில் கேசட் அதை உடைத்தது. பிரஜ் பகுதியின் ரசியா, கட்வாலி, போஜ்புரிப் பாட்டுகளெல்லாம் தத்தம் ஊர்க் கடைகளில் விற்பனைக்கு வந்தன. பீட்டர் மானுவல் 1993-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அவை வீட்டுப் பதிவுகள் அல்ல, பெரும்பாலும் சிறு ஸ்டூடியோக்களில் ஆனவை. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது: எத்தனையோ கோடிப் பேர் பேசும் மொழியில் பாடவேண்டும் என்ற கட்டாயம் போனதும், பக்கத்து மாவட்டத்தாருக்கே புரியாத பேச்சுவழக்குகள் பாட்டில் ஏறின.

வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டுக்கு வெளியே நம் பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு வீட்டு மொழி. பள்ளியில் இல்லை, தெருவில் இல்லை. சமையலறையிலும் தொலைபேசியில் பாட்டியோடும்தான். 'சப்ஜி' 'ஆட்டோவாலா' எல்லாம் கலந்த தமிழ். அந்தத் தமிழ் மேடைக்கு வரும்போது நாம் திருத்திவிடுகிறோம். வீட்டுப் பதிவில்தான் அது திருத்தப்படாமல் பாட்டாகிறது. எனக்கு வந்த ஒன்று, ஒரு கல்லூரி மாணவியுடையது. ஊரில் தனியாக இருக்கும் பாட்டி தினமும் போனில் கேட்கும் அதே நாலு கேள்விகள்தான் பாட்டு. "சாப்ட்டியா, தூங்கினியா" வகையறா. பதில்கள் பாதி இந்தியில் வருகின்றன, பாட்டிக்கு அது புரியாது என்பது தெரிந்தே. மற்றவர்கள் தூங்கிய பிறகு பதிவு செய்திருக்கவேண்டும், குரல் அத்தனை தாழ்ந்து இருக்கிறது. தாழ்ந்து இருப்பதால்தான் பாட்டியிடம் சொல்லாத பதில்கள் அவை என்று நமக்குப் புரிகிறது. பிறகு ஒரு விழாவில் அதே பாட்டு கீபோர்டு, ரிதம் பாக்ஸ் சகிதம் மேடையேறியது. இந்திச் சொற்களை எடுத்துவிட்டு நல்ல தமிழ் போட்டிருந்தார்கள். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. பாட்டி கேட்கிற கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் அப்புறம் பாட்டு எதற்கு?

அந்தப் பெண்ணின் வீட்டுப் பதிவிலும் குறை உண்டு. கைப்பேசியின் தானியங்கி ஒலியளவு, பாடுகிறவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் அறைச் சத்தத்தை உயர்த்திவிடும். வரிக்கு வரி மின்விசிறி மூச்சு வாங்குகிறது. இது அழகு அல்ல, வெறும் தொந்தரவு. விசிறியை அணைத்துவிட்டு, பின்னால் கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டு, ஒரு சாண் தூரத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டால் பெருமளவு தீரும். தானியங்கி அளவை நிறுத்தவிடும் பதிவுச் செயலிகளும் இருக்கின்றன. குரல் செய்தியாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பினால் வாட்ஸ்அப் ஒலியை மறுபடி சுருக்காது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் மற்றவற்றைவிட ஒரு வரி நீளம். மெட்டு அங்கே இழுக்கிறது, அதைக் குறைக்கவேண்டும். குரலை மட்டும் உயர்த்த வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன்.